கறவை நேரத்துக்குள் கொல்லிமலை

மாடும் வயலும் வீடும் விட்டுத்தரும் இடைவெளியில் பைக் ஓட்டும் விவசாயிகளின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரவள்ளி அடிவாரத்தில் நின்றால், கொல்லிமலை ஏற வரும் பைக்குகளை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ஒரு வகை, சேலம், கோவை, பெங்களூருவிலிருந்து வருவது. முழங்கால் காப்பு, முதுகுப் பை, ஹெல்மெட்டின் மேல் கேமரா என்று ஜோடனை பலமாக இருக்கும். இன்னொரு வகை, பக்கத்து மாவட்டங்களிலிருந்து வருவது. அந்த வண்டிகளின் கேரியர் கம்பியில் ஒரு துண்டுக் கயிறு அவிழ்க்காமல் தொங்கும். முந்தின நாள் மாலை தீவனப்புல் கட்டி வந்த கயிறு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இரண்டு பேருக்கும் பொதுதான். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்கு எதிரே டீ குடிப்பதும் பொதுதான். ஆனால் மதியம் சாப்பிட்ட கையோடு கயிற்றுக்காரர் வண்டியைத் திருப்பிவிடுவார். மற்றவர்கள் ஆகாய கங்கை அருவிக்குப் படியிறங்கத் தயாராகும்போது அவர் மலையிறங்கிக்கொண்டிருப்பார். நாலு மணிக்கு அவருக்குக் கறவை.

பைக் பயணம் என்றால், வேலையை உதறிவிட்டு லடாக் கிளம்பியவரைப் பற்றித்தான் நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. வேலையை விட்டதே அங்கே பாதிக் கதை. விவசாயி ராஜினாமாக் கடிதத்தை யாரிடம் கொடுப்பார்? மாட்டிடமா? அவருக்கு விடுமுறை என்ற ஒன்று கிடையாது. இடைவெளி உண்டு. அந்த இடைவெளி எவ்வளவு, எப்போது வரும், அதற்கு வீட்டில் யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

மாடு போடும் வட்டம்

கறவை மாடு வைத்திருக்கும் வீட்டில் நாள் இரண்டாக மடங்கியிருக்கும். விடிவதற்கு முன்னால் ஒரு கறவை, பொழுது சாய்வதற்கு முன்னால் ஒரு கறவை. காலையில் பாலைக் கூட்டுறவு சொசைட்டியில் ஊற்றி, கேனைக் கழுவிக் கவிழ்த்து, கட்டுத்தறியில் சாணி அள்ளி, தீவனம் போட்டு முடித்தால் ஏழு மணி. மாலைக் கறவை நாலு மணி. நடுவில் ஒன்பது மணி நேரம். சாப்பாடு, டீ, பஞ்சர் எல்லாம் போக ஆறு மணி நேரம் வண்டி ஓடும் என்று வைத்துக்கொள்வோம். மலைப்பாதையும் ஊர்நெரிசலும் கலந்த சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போட்டால் அது ஆசை, கணக்காகாது. ஆக, போக 120, வர 120.

ஈரோட்டைச் சுற்றி இந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். ஏற்காடு உள்ளே வரும். சத்தியமங்கலம், பண்ணாரி தாண்டி 27 வளைவுகள் ஏறினால் திம்பம், அதுவும் வரும். கொல்லிமலை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊட்டி வெளியே போய்விடும். வால்பாறையின் 40 வளைவுகளும் வெளியேதான். கொங்குப் பகுதியில் ஊருக்கு ஊர் பைக் பைத்தியங்கள் இருக்கிறார்கள். அவர்களில் மாடு வைத்திருப்பவர்கள் ஊட்டியைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு ஏக்கம் தட்டுப்படும். வெறும் முப்பது கிலோமீட்டர் குறுக்கே நிற்கிறது.

கூலிக்கு ஆள் வைத்துக் கறந்துகொள்ளலாமே என்று பட்டணத்து வாசகருக்குத் தோன்றும். ஆளுக்குப் பஞ்சம் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல் மாட்டிடம் இருக்கிறது. பால் மடியில் தானாக இறங்குவதில்லை. பழகிய கை மடியைக் கழுவும்போது, தவிட்டு வாளியின் சத்தம் கேட்கும்போது, மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. அது மடிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பால் இறங்கும். புதுக் கை, புதுக் குரல், ஓர் அதட்டல் போதும். மாடு மிரண்டு அட்ரினலின் சுரந்தால் முதல் ஹார்மோனின் வேலை கெட்டுவிடும். இதைத்தான் ஊரில் ‘மாடு சுரப்பு விடல’ என்கிறார்கள். நேரம் தவறினாலும் சும்மா விடாது. கலப்பின மாட்டுக்கு மடி கனத்து, காம்பிலிருந்து பால் சொட்ட ஆரம்பித்துவிடும். தேங்கிய பாலும் திறந்த காம்பும் மடிநோய்க்கு வாசல். ஒரு காம்பு போனால் அந்த மாட்டின் விலை என்ன ஆகும் என்று சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

அதனால் மாலைக் கறவைக்குப் பழகிய கை ஒன்று வீட்டில் இருந்தே ஆகவேண்டும். அந்தக் கை பெரும்பாலும் மனைவியுடையது, அல்லது அம்மாவுடையது. கிளம்பும் நாளின் காலைப் பேச்சு பல வீடுகளில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

“ஏனுங்க, பால் ஊத்தற நேரத்துக்கு வந்துருவீங்கல்ல?”

“நாலு மணிக்கெல்லாம் வாசல்ல நிப்பேன்.”

“நீங்க சொல்ற நாலு மணி எந்த ஊரு நாலு மணிங்க?”

இந்தக் கேள்விக்கு எந்த பைக்கரிடமும் பதில் கிடையாது. ராசிபுரத்தில் செயின் கழன்றது, நாமக்கல்லில் லாரிகள் நின்றுவிட்டன என்று காரணங்கள் மட்டும் உண்டு.

பயிருக்கு ஏற்ற பயணி

மாடு நாளைத் தீர்மானிக்கிறது என்றால் ஆண்டைத் தீர்மானிப்பது பயிர். யார் என்ன போட்டிருக்கிறார் என்று சொன்னால் அவர் எப்போது, எவ்வளவு தூரம் வண்டி ஓட்ட முடியும் என்று சொல்லிவிடலாம்.

பாக்கியசாலிகள் தென்னந்தோப்புக்காரர்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பைக் கூட்டங்கள் செழித்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. காய் வெட்டு நாற்பத்தைந்து நாளுக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை. சொட்டுநீர்க் குழாய் போட்டு, கிணற்று மோட்டாரை செல்போனிலேயே இயக்கும் ஸ்டார்ட்டரும் வைத்துவிட்டால், தோப்புக்காரர் மூணாறிலிருந்தே தண்ணீர் பாய்ச்சுவார். சுற்று வட்டாரத்தில் மற்ற விவசாயிகள் அவரைக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்க்கிறார்கள். வெள்ளை ஈ தாக்கியபோது மட்டும் அந்தப் பொறாமை சற்றுத் தணிந்தது.

இதற்கு நேர் எதிர், சத்தியமங்கலத்து மல்லிகைக்காரர். மொட்டை விடிவதற்கு முன்னால் பறித்தாக வேண்டும். வெயில் ஏறினால் அரும்பு அவிழ்ந்துவிடும், விலை போய்விடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறித்து, பையில் போட்டு, மொபெட்டில் வைத்து மார்க்கெட்டுக்கு ஓட்டும் ஓட்டத்தைப் பார்த்தால் எந்த ரேஸ்காரரும் தோற்பார். பூ ஓடும் மாதங்களில் அவருக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை. மார்கழிப் பனியில் வரத்து குறையும்போதுதான் மூச்சு விட முடியும். அப்போதும் பூ விலை உச்சத்தில் இருக்கும் என்பதால், கிடைக்கிற நாலு மொட்டை விட்டுவிட்டுக் கிளம்ப மனசு வராது.

காவிரி டெல்டாவில் கணக்கு வேறு. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, அதைத் தொடர்ந்து சம்பா, தாளடி. பொங்கலை ஒட்டி அறுவடை தொடங்கி மாசி வரை இழுக்கும். அறுவடைக்கு முன்பே சம்பாப் பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். அது பங்குனியில் கைக்கு வரும். கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துவிட்டுக் காவல் கிடக்கிற நாட்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் கழித்தால் மிஞ்சுவது சித்திரையும் வைகாசியும். நல்ல இடைவெளிதான். ஆனால் அது கத்திரி வெயில் காலம், ஊர்த் திருவிழாக் காலம், கல்யாணக் காலம். பங்காளி வீட்டுக் கல்யாணத்தை விட்டுவிட்டுக் குதிரைமுகத்துக்குப் போனவரை ஊர் மன்னிக்காது. வண்டியை எடுத்துக்கொண்டு டெல்டாக்காரர் கிளம்பினால், பத்துக்கு ஒன்பது முறை அந்தப் பயணம் ஏதோவொரு மண்டபத்து வாசலில் முடிகிறது.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மானாவாரிக்காரருக்குத்தான் உண்மையில் நீண்ட இடைவெளி. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் அறுப்பு. பங்குனியிலிருந்து ஆவணி வரை காடு சும்மா கிடக்கும். நாள் நிறைய இருக்கிறது. பெட்ரோலுக்குப் பணம் இருக்கிறதா என்பது அந்த வருஷத்து மழையைப் பொறுத்தது.

கீழ்பவானிப் பாசனத்தில் இருப்பவருக்கு இன்னொரு கட்டு. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் நனைய வேண்டிய வாய்க்காலில் நமக்கு முறை எப்போது என்பது நம் கையில் இல்லை. முறை நடுராத்திரி வந்தாலும் மடை திறக்க ஆள் இருந்தாக வேண்டும். சுதந்திர தினத் தொடர் விடுமுறைக்குப் பட்டணத்தார் எல்லோரும் மலைக்குப் போகும்போது வாய்க்கால்காரர் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பார்.

வரப்பில் ஓடும் வண்டி

விவசாயக் குடும்பத்தின் வண்டி எது என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டியது மொபெட்டைத்தான். 1980-ல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் ஓசூர் ஆலையிலிருந்து டிவிஎஸ் 50 வண்டியைச் சந்தைக்கு விட்டபோது, இரண்டு பேர் உட்காரக்கூடிய இந்திய மொபெட் என்பதே புதுமை. அதில் எத்தனை பேர், எத்தனை மூட்டை போகலாம் என்பதை நிறுவனம் ஒருவிதமாகவும் நம் ஊர் இன்னொரு விதமாகவும் முடிவு செய்தன. பெட்ரோல் பங்கில் சின்னக் குவளையில் ஆயில் அளந்து பெட்ரோலோடு கலந்து ஊற்றியது இன்றைய நாற்பது வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்ததும் அந்தக் குவளைக்கு வேலை போயிற்று. முன்பக்கம் கால் வைக்கும் பலகையில் யூரியா மூட்டை, பின்னால் பால் கேன், கைப்பிடியில் தூக்குவாளி என்று அது ஓடும் விதம் மட்டும் மாறவில்லை. பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டால் அதுவே ஒரு சின்ன வண்டிமாடு.

காட்டு வேலை வண்டியை எப்படித் தின்கிறது என்பது ஷோரூம்காரர்களுக்குத் தெரியாத பாடம். யூரியாவும் பொட்டாஷும் ஈரத்தோடு இரும்பில் பட்டால் அரித்துவிடும். கேரியரில் பழைய கோணிச்சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல்தான் மூட்டையை வைப்பார்கள். கரிசல் மண் மழையில் நனைந்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். அதற்குப் பயந்து முன் மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. மழை நாளில் வண்டியைத் தார்ச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து போகிறவர்கள் அதைவிடப் புத்திசாலிகள். ஈர வயல் ஓரத்தில் சைடு ஸ்டாண்டு போட்டால் மண்ணில் இறங்கி வண்டி சாய்ந்துவிடும். அதனால் ஸ்டாண்டுக்குக் கீழே வைக்க ஒரு தட்டைக் கல்லோ கொட்டாங்குச்சியோ வரப்போரத்தில் எப்போதும் கிடக்கும். யாரும் அதை எடுத்துப் போவதில்லை. அடுத்தவர் வண்டிக்கும் அதுதான்.

மொபெட்டுக்கு நேர் எதிரே நிற்பது புல்லட். 1955-ல் சென்னைத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதிலிருந்து, கிராமத்தில் அந்த வண்டி மிராசுதாருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் உரியதாகவே பார்க்கப்பட்டது. வலதுகாலில் கியர், இடதுகாலில் பிரேக் என்றிருந்த பழைய வண்டியை ஓட்டத் தெரிவதே ஒரு தகுதி. பம்புசெட்டில் ஓடும் சிறிய டீசல் இன்ஜினைப் புல்லட்டில் ஏற்றி ஓட்டிய மெக்கானிக்குகளும் இருந்தார்கள். நிறுவனமே பிறகு 325 சிசி டீசல் இன்ஜினுடன் டாரஸ் என்ற வண்டியை விற்றது. கிணற்று மேட்டில் கேட்ட சத்தம் தெருவில் ஓடியது. வேகம் கேட்கக்கூடாது, எண்ணெய் குடிக்காது. கணக்குப் பார்க்கும் விவசாயி மனதறிந்து செய்த வண்டி என்று நினைக்கிறேன். வாசலில் நின்றால் கௌரவமும் குறையாது.

ஆனால் புல்லட் வரப்பில் ஓடாது. இருநூறு கிலோவுக்குப் பக்கத்து எடையை வாய்க்கால் மேட்டில் தள்ளிப் பார்த்தவர்கள் மறுபடி அந்தத் தப்பைச் செய்வதில்லை. 2016-ல் ஹிமாலயன் வந்தபோது, மேடு பள்ளத்துக்கு ஏற்ற உயரம் என்று ஊர் இளைஞர்கள் குதித்தார்கள். மேடு பள்ளம் சரி. புல்லுக்கட்டை எங்கே வைப்பது? ஆகையால் இன்று வசதியுள்ள தோட்டத்து வாசலில் இரண்டு வண்டி நிற்கிறது. ஒன்று மண்ணோடு நிற்கும். இன்னொன்று போர்வை போர்த்தி நிற்கும். இரண்டாவது வண்டி வந்ததுமே வீட்டுக்குள் கணக்கு மாறுகிறது.

மாதத் தவணையும் பால் பணமும்

வண்டிக் கடனின் தவணை மாதம் தவறாமல் வரும். மஞ்சள் பணம் ஆண்டுக்கு ஒருமுறை. கரும்புப் பணம் ஆலைக்காரர் மனசு வைக்கும்போது. நெல் பணம் போகத்துக்கு ஒருமுறை. கையில் ஒழுங்காகப் புழங்கும் ஒரே பணம் வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை வரும் பால் பணம். அதனால் விவசாய வீட்டில் பைக் தவணை பெரும்பாலும் பால் பணத்திலிருந்துதான் போகிறது. மாட்டைப் பார்ப்பவர் யார், கறப்பவர் யார் என்று மேலே பார்த்தோம். அவர் கறந்த பால் இவர் வண்டிக்குத் தவணை கட்டுகிறது. இவர் அந்த வண்டியில் ஏறிப் போகும் நாளில் இவருடைய பங்கு வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. மலைக்குப் போய் வந்த செலவை எழுதும்போது பெட்ரோல் எவ்வளவு, பரோட்டா எவ்வளவு என்று பைசா சுத்தமாக எழுதுகிறவர்கள் இந்தக் கூலியை எங்கேயும் எழுதுவதில்லை.

பைக் ஓட்டுவதை ஊதாரித்தனம் என்று சொல்ல நான் வரவில்லை. சேற்றிலும் மருந்து நெடியிலும் மாதக்கணக்கில் கிடக்கிற மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்காற்றை வாங்கி வந்தால் திங்கட்கிழமை வேலை நன்றாகவே நடக்கும். ‘பண்ணையம் பாக்கறவனுக்கு ஊர் சுத்தற பவுசு எதுக்கு’ என்று கேட்கும் பெரியவர்கள், அவர்கள் காலத்தில் மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு பழனிக்கும் அந்தியூர் சந்தைக்கும் நாள்கணக்கில் போய் வந்ததை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். அந்தப் பயணத்தில் குடும்பமே வண்டியில் இருந்தது என்பது மட்டும் வித்தியாசம்.

ஒரே வண்டி உள்ள வீட்டில் ஆண் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மொத்தக் குடும்பமும் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். பால் கேன் சொசைட்டிக்கு எப்படிப் போகும்? அப்பாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்தால் யார் வாங்கி வருவது? டியூஷன் முடிந்து பிள்ளை மூன்று கிலோமீட்டர் இருட்டில் நடப்பதா? வீட்டில் நடக்கும் சண்டைகளைக் கூர்ந்து கேட்டால், பயணத்தைப் பற்றிய சண்டை குறைவு. சாவியைப் பற்றிய சண்டைதான் அதிகம். வாசலில் ஒரு மொபெட் மிச்சம் நின்று, அதை ஓட்ட மனைவிக்குத் தெரிந்திருந்தால் முக்கால்வாசிச் சண்டை அடங்கிவிடுகிறது.

பெண்கள் வண்டி ஓட்டிய வரலாறு தமிழ்நாட்டில் கிராமத்திலிருந்துதான் வேகம் எடுத்தது என்பதை நினைவூட்ட வேண்டும். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் உட்பட, சைக்கிள் மிதித்தார்கள். தண்ணீர்க் குடமும் விளைபொருளும் அவர்களோடு சைக்கிளில் ஏறின. கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். சைக்கிள் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு மொபெட் பெரிய தாவல் ஒன்றும் இல்லை. 2018 பிப்ரவரி 24-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வாகன மானியத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய். அதற்கு ஓட்டுநர் உரிமம் தேவைப்பட்டது. வருஷக்கணக்காக எக்ஸ்எல்லில் பால் கேன் கொண்டுபோகும் பல பெண்களிடம் அந்த உரிமம் மட்டும் இல்லை. எடுக்க வேண்டும் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொசைட்டி வரைதானே போகிறாள் என்ற எண்ணம்.

பெண்கள் பயணத்துக்கு ஆசைப்படுவதில்லை என்று ஆண்கள் சொல்வதையும் நான் நம்புவதில்லை. புல்லட்டின் பின்சீட்டில் சேலையோடு ஒருக்களித்து உட்கார்ந்து எழுபது வளைவு ஏறிப் பாருங்கள், எவ்வளவு ஆசை மிஞ்சும் என்று தெரியும். சுடிதாரில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து வரும் இளம் ஜோடிகள் இப்போது அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் நிறையவே தட்டுப்படுகிறார்கள். அவர்கள் வீட்டில் அன்று மாலை அத்தை கறந்துகொள்வார். மாமியார் இல்லாத வீட்டில் இருவரும் சேர்ந்து போவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

ரோட்டில் காயும் கொள்ளு

பைக் ஓட்டும் விவசாயிக்கு மட்டுமே சொல்ல வேண்டிய ஒரு விஷயம் உண்டு. தை, மாசியில் கிராமத்துச் சாலைகளில் கொள்ளு, ராகி, எள், சோளம் என்று எல்லாம் பரப்பிக் கிடக்கும். களம் இல்லாததால் தார்ச் சாலையே களம். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கினால் தாம்பு ஓட்டும் செலவு மிச்சம். நாலு சக்கரத்துக்கு அது ஒன்றும் செய்யாது. இரண்டு சக்கரத்துக்கு அது எமன். காய்ந்த கொள்ளுச் செடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். உதிர்ந்த தானியத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நழுவும். நெல்லைச் சுற்றி வரிசையாக வைத்த கருங்கற்களை இருட்டில் பார்க்க முடியாது. நெல்லை அள்ளியவர்கள் கல்லை அப்படியே விட்டுப் போயிருப்பார்கள். கொள்ளைப் பரப்புபவரும் விவசாயி, வழுக்கி விழுபவரும் பெரும்பாலும் விவசாயி. ஒரே ஆள் இரண்டாகவும் இருப்பதுண்டு. ஊருக்கு ஒரு சிமெண்ட் களம் கேட்டு கிராம சபையில் மனுக் கொடுப்பதில் பைக் ஓட்டும் இளைஞர்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லரும், டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பும் இதே பட்டியலில் வருகின்றன. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சிவப்பு ஒட்டுப்பட்டையை டிரெய்லரின் பின்னால் ஒட்டலாம். ஒட்டுவதில்லை.

மலைக்குப் போகும்போது ஹெல்மெட், கையுறை எல்லாம் போடுகிற அதே மனிதர் காட்டுக்குப் போகும்போது தலையில் துண்டோடு போகிறார். ‘காட்டுக்குத்தானே’ என்பது பதில். மாலை மங்கலில், நாள் முழுக்க மருந்து அடித்த களைப்பில், நாயும் ஆடும் குறுக்கே ஓடும் அந்த இரண்டு கிலோமீட்டர்தான் மலைப்பாதையைவிட மோசம் என்பது என் கருத்து. மலையில் பயம் இருக்கும், கண் விழித்திருக்கும். வீட்டுச் சாலையில் வண்டி தானாகப் போவதுபோல் ஒரு மயக்கம்.

விவசாயி கால் உடைந்து மூன்று மாதம் படுத்தால் மருத்துவச் செலவோடு போகாது. நடவு தள்ளும், தண்ணீர் முறை தவறும், மாட்டை விற்க நேரும். மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு இருக்கிறது. இவருக்கு மச்சான் இருக்கிறார், அதுவும் அவர் காட்டில் வேலை இல்லாத நேரத்தில். வண்டி ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம் என்று 2018-ல் விதி வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் புது பைக் வாங்கும்போதே ஐந்து வருஷத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதனால் ஐந்து வருஷம் யாரும் இன்சூரன்ஸ் தாளைத் தொடுவதே இல்லை. தனிநபர் விபத்துக் காப்பீட்டை மட்டும் பலரும் முதல் வருஷத்தோடு விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நபர் காப்பீடு என்பது நாம் மோதியவருக்கானது. நமக்கோ நம் வீட்டாருக்கோ அதிலிருந்து ஒன்றும் வராது. விபத்துக் காப்பீட்டுப் பணம் வர வேண்டுமென்றால் ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருந்திருக்க வேண்டும். பால் கேனோடு போகும் பெண்ணுக்கும் இது பொருந்தும்.

இந்தச் சித்திரையில் மலையேறத் திட்டம் போட்டிருப்பவர்கள் பயணத்துக்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். பீரோவில் இருக்கும் இன்சூரன்ஸ் தாளை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஹெல்மெட் இரண்டாக வாங்குங்கள். பின்னால் உட்காருபவருக்கும் சட்டம் அதைக் கேட்கிறது. மூன்றாவதாக, மாலைக் கறவைக்கு வீட்டில் நிற்கப் போகிறவரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அழைத்துப் போய், அவர் பெயரில் எல்எல்ஆர் போடுங்கள். அது ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்ததும் அவர் எட்டுப் போட்டு உரிமம் வாங்கிவிடலாம்.